எரிச்சா என்ன, புதைச்சா என்ன?

2020 டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டியிருந்த படங்கள் பேஸ்புக் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது உங்களில் கனபேருக்கு ஞாபகம் இருக்கும். பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையை, கொரோனா என்று சொல்லி, பெற்றோர் கையெழுத்து வைக்க மறுத்தும், டிசம்பர் 9ஆம் திகதி எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் துணிகள் வந்தன. கட்டினவர்களில் எல்லா மதத்து ஆக்களும் இருந்தார்கள்.

நான் ஏஎல் எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த காலம். இரவுச் சாப்பாட்டு நேரம் அந்தப் படத்தை அம்மம்மாவுக்குக் காட்டினேன். "ஐயோ, பச்சைப் பாலகன்" என்று சொல்லிவிட்டு அவ சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டா. மாமாதான் சொன்னார்: "அதுசரி, செத்தாப் பிறகு எரிச்சா என்ன, புதைச்சா என்ன? எங்கட ஆக்களையும் எரிக்கினம்தானே. நாங்கள் என்ன கொடி பிடிக்கிறமே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. மனச்சாட்சியோடு சொன்னால், எனக்கும் அப்ப அப்படித்தான் பட்டது. அநியாயம் என்று தெரிந்தது, ஆனால் எதில் அநியாயம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இவ்வளவு பிந்தி இதை எழுதுகிறது மாமாவுக்குப் பதில் சொல்லத்தான். எட்டு மாதம் கழித்து அவரே ஒரு பதில் சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் "எங்கட ஆக்கள் எரிக்கிற ஆக்கள்" என்ற கதையைப் பார்ப்போம். சைவ வீடுகளில் பிறந்த நாங்கள் இதைக் கேள்வி கேட்காமலே நம்புகிறோம். ஆனால் தமிழர்களின் பழைய சாவுகளைத் தேடிப்போனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் தாழிதான். ஆதிச்சநல்லூரில் தாழி. இந்தப் பக்கம் புத்தளத்துக்கு வடக்கே, வில்பத்துக் காட்டோரம் பொம்பரிப்பில் தாழி. யாழ்ப்பாண நகரத்துக்குப் பக்கத்தில் ஆனைக்கோட்டையில் 1980களின் தொடக்கத்தில் அகழ்ந்தபோது, நீட்டி நிமிர்த்திப் புதைத்த எலும்புக்கூடும் எழுத்துப் பொறித்த சின்ன முத்திரையும் வந்தன. புறநானூற்றில் ஒரு பெண் கணவனைச் சாகக் கொடுத்துவிட்டுக் குயவனிடம் போய், தாழியை அகலமாகச் செய், எனக்கும் சேர்த்து இடம் வேண்டும் என்று கேட்கிறாள். அவளுக்கு எரிப்பது பற்றி யோசனையே இல்லை. அதே புறநானூற்றில் எரியும் ஈமத்தீயும் வருகிறது. இரண்டும் ஒரே காலத்தில் இருந்திருக்கின்றன.

இதைவிட நல்ல சாட்சி மணிமேகலை. காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை, சக்கரவாளக் கோட்டத்தை, சாத்தனார் விவரிக்கும் இடத்தில் ஐந்து வகையான ஆட்கள் வருகிறார்கள். உடலைச் சுடுகிறவர்கள், வெட்டவெளியில் போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டிப் படுக்க வைக்கிறவர்கள், தாழ்ந்த இடத்தில் அடைத்து வைக்கிறவர்கள், தாழியால் கவிழ்த்து மூடுகிறவர்கள். ஐந்து பேரும் ஒரே மயானத்தில் பக்கத்தில் பக்கத்தில் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். எழுதினவர் பௌத்தர். எது சரி, எது பிழை என்று அந்த இடத்தில் அவர் தீர்ப்பு எழுதப் போகவில்லை. இன்றைக்கு ஒரு பிரதேச சபை மயானத்தில் இப்படி ஐந்து வகைக்கும் இடம் கேட்டுப் பாருங்கோ, என்ன நடக்கும் என்று.

சைவத்துக்குள்ளேயே கூட எரிப்பு எல்லாருக்கும் இல்லை. சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். சந்நியாசிகளுக்கும் ஞானிகளுக்கும் சமாதி. திருமந்திரத்தில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கு. ஞானியின் உடலை நெருப்பில் இட்டால் நாடே வெம்மையில் வாடும் என்ற கருத்தில் திருமூலர் எச்சரிக்கிறார், குழி எப்படி வெட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். வீரசைவர்கள் எல்லாரையுமே புதைக்கிறார்கள். ஆக "எரிச்சா என்ன, புதைச்சா என்ன" என்று திருமூலரிடம் மாமா கேட்டிருந்தால் நல்ல பேச்சு வாங்கியிருப்பார்.

ஏன் இந்த வித்தியாசம்? சாதாரண மனிதரின் உயிருக்கு இன்னும் பயணம் இருக்கு, உடலை விட்டுவிட்டுப் போக வேண்டும், அதற்கு நெருப்பு உதவி. ஞானிக்கு அந்தப் பயணம் முடிந்துவிட்டது. அவருடைய உடலே கோயில் மாதிரி. பிள்ளைக்கோ இன்னும் சேர்த்த வினை பெரிதாக இல்லை. அதாவது உடலை என்ன செய்கிறோம் என்பது, அந்த உயிர் எங்கே போகிறது என்ற நம்பிக்கையின் மறுபக்கம். ஒன்றை மாற்றினால் மற்றதிலும் கை வைக்க வேண்டிவரும்.

இதில் எனக்கு நீண்ட நாளாக ஒரு சந்தேகம் இருந்தது. உயிர் மறுபடி பிறந்துவிடும் என்றால், வருசா வருசம் திவசத்தில் பிண்டம் வைப்பது யாருக்கு? அவர் இந்நேரம் எங்கேயோ ஒரு வீட்டில் முன்பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பாரே. வேதத்தின் பழைய பாடல்களில் செத்தவர்கள் யமனின் உலகத்தில் பிதிர்களாக இருக்கிறார்கள், அவர்களுக்குப் பசிக்கும், பிள்ளைகள் சாப்பாடு கொடுக்க வேண்டும். வினையும் மறுபிறப்பும் உபநிடதக் காலத்தில்தான் தெளிவாக வருகின்றன. புதியது வந்தபோது பழையதைத் தள்ளவில்லை, மேலே வைத்துக் கட்டிவிட்டார்கள். எட்டுச் செலவிலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் நாங்கள் செய்வது அந்த இரண்டையும் சேர்த்துத்தான். இதை எங்கட ஐயரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, "தம்பி, அவர் எங்க பிறந்தாலும் நீர் குடுக்கிறது அங்க சாப்பாடாய்ப் போய்ச் சேரும்" என்றார். மறுத்துப் பேச முடியாத பதில்.

இப்ப இந்தக் கதையை விட்டு ஒரு பெரிய தாவல். கி.பி. 177, இன்றைய பிரான்சில் இருக்கும் லியோன் நகரம், அப்போது உரோமப் பேரரசின் கீழ். அங்கே கிறிஸ்தவர்களைப் பிடித்துக் கொன்றார்கள். கொன்றதோடு விடவில்லை. உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டுக் காவல் வைத்தார்கள், உறவினர்கள் எடுத்துப் புதைத்துவிடக் கூடாதாம். பிறகு எரித்தார்கள். சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். உயிர்த்தெழுவோம் என்று சொல்கிறார்களே, இனி எழும்பட்டும் பார்ப்போம் என்று கேலி. தப்பினவர்கள் எழுதின கடிதத்தை யூசேபியஸ் என்ற திருச்சபை வரலாற்றாசிரியர் பிறகு தன் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு உடனே கனத்தை வேலிதான் கண்ணில் வந்தது. நோய் இல்லை, விஞ்ஞானம் இல்லை, ஆனால் செய்த வேலை ஒன்று. மற்றவனின் மறுமை எதில் தங்கியிருக்கு என்று நினைக்கிறோமோ, அதில் கையை வைப்பது.

ஆனால் அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்கள் சொன்ன பதில் உரோமர்கள் எதிர்பார்க்காதது. மினூசியஸ் பெலிக்ஸ் என்ற இலத்தீன் எழுத்தாளரின் நூலில் அது இருக்கு. நீங்கள் எரித்தால் கடவுளால் எழுப்ப முடியாமல் போகும் என்று நாங்கள் பயப்படவில்லை, புதைப்பது பழையதும் நல்லதுமான வழக்கம், அதனால் அதைச் செய்கிறோம் என்ற பொருளில் அவர் எழுதுகிறார். சாம்பலாய்ப் போனவரையும் எழுப்புகிற கடவுள். பிறகு ஏன் புதைக்க வேண்டும்? அது உயிரோடு இருக்கிறவர்கள் செத்தவருக்குச் செய்யும் மரியாதை. ஒருவரைத் தூங்க வைப்பது மாதிரி. ஆங்கிலத்தில் மயானத்துக்குச் சொல்கிற செமட்ரி என்ற சொல்லே கிரேக்கத்தில் தூங்குமிடம் என்ற சொல்லில் இருந்து வந்ததுதான்.

தூங்குமிடம். துயிலும் இல்லம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஆரம்பத்தில் இறந்த போராளிகளை எரித்துக்கொண்டிருந்த இயக்கம் 1990களின் தொடக்கத்தில் புதைக்கத் தொடங்கியது. பெரும்பாலும் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள். அதைப் புதைப்பு என்று சொல்லாமல் விதைப்பு என்று சொன்னார்கள். அதன் அரசியலைப் பற்றி எத்தனையோ வாதம் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் வழக்கம் எவ்வளவு வேகமாக மாறலாம் என்பதற்கு எங்கட கண் முன்னால் நடந்த உதாரணம் அது. சில வருசத்துக்குள்ளே சைவத் தாய்மார் கல்லறைக்குப் பூ வைத்து, விளக்கேற்றி, அதன் மேல் விழுந்து அழப் பழகினார்கள். பழைய முறைப்படி பெண்கள் சுடலைக்கே போவதில்லை. போருக்குப் பிறகு கோப்பாய்த் துயிலும் இல்லத்தை இடித்து அதே இடத்தில் இராணுவத் தலைமையகம் கட்டினார்கள். அங்கே புதைத்திருந்தவர்களின் அம்மாமார் வீதியோரத்தில் நின்று விளக்கேற்றினார்கள்.

கிறிஸ்தவத்தின் கதையும் அத்தோடு நிற்கவில்லை. லியோனில் எரிக்கப்பட்டவர்களின் மதம் அதிகாரத்துக்கு வந்தபோது, எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சார்லமேன் மன்னன் சக்சனி நாட்டைப் பிடித்து, பழைய முறைப்படி உடலை எரிக்கிறவனுக்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டான். கேட்க ஒரு மாதிரி இருக்கு, இல்லையா? 1886இல் கத்தோலிக்கத் திருச்சபை எரிப்பதைத் தடை செய்தது. ஐரோப்பாவில் அப்போது மதத்தை எதிர்த்தவர்கள் எரிப்பை ஒரு கொடியாகத் தூக்கியதும் அதற்கு ஒரு காரணம். 1963இல் அந்தத் தடை நீங்கியது. 2016இல் வத்திக்கான் இன்னொரு அறிவுறுத்தல் விட்டது: எரிக்கலாம், ஆனால் சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும். 1800 வருசத்துக்கு முந்தின ரோன் ஆற்றின் ஞாபகம் அதில் எங்கேயோ இருக்கு என்று எனக்குத் தோன்றும். அது என் ஊகம் மட்டும்தான்.

இனி இஸ்லாம். கம்பஸ் போன பிறகுதான் எனக்கு முதன்முதலில் ஒரு முஸ்லிம் நண்பன் கிடைத்தான், மட்டக்களப்புப் பக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்த என் தலைமுறைக்கு ஏன் முஸ்லிம் நண்பர்கள் குறைவு என்பது 1990 பற்றிய வேறு கட்டுரை. ஒருநாள் அவனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "எரிச்சா சொர்க்கத்துக்குப் போகேலாதெண்டே நீங்கள் நம்புறீங்கள்?"

அவன் இல்லை என்றான். புகாரியின் தொகுப்பில் வரும் ஒரு ஹதீஸைச் சொன்னான். பாவம் நிறையச் செய்த ஒரு மனிதன் சாகும் நேரம் பிள்ளைகளைக் கூப்பிட்டு, நான் செத்ததும் என்னை எரித்து, அரைத்து, காற்றிலே தூவி விடுங்கள், இறைவன் கையில் அகப்பட்டால் எனக்குப் பெரிய தண்டனை என்கிறான். அவர்களும் அப்படியே செய்கிறார்கள். இறைவன் அவனை ஒன்றுசேர்த்து நிறுத்தி, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறான். உனக்குப் பயந்துதான் என்கிறான் அவன். இறைவன் அவனை மன்னித்துவிடுகிறான்.

"விளங்கிச்சா?" என்று நண்பன் கேட்டான். "சாம்பலானவரையும் அல்லாஹ் எழுப்புவான். எரிச்ச பிள்ளைக்கு ஒண்டும் ஆகாது. பிரச்சினை எங்களுக்கு."

மையித்தைக் குளிப்பாட்டுவது, கபன் துணியால் சுற்றுவது, ஜனாஸாத் தொழுகை, கிப்லாவின் பக்கம் முகம் வைத்து அடக்குவது. இந்த நாலும் பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லாருடைய கடமையும் தீரும். ஒருவருமே செய்யாவிட்டால் முழு ஊரும் குற்றவாளி. கபுறு வெறும் குழி இல்லை, மறுமை நாள் வரைக்கும் இறந்தவர் தங்கும் பர்ஸக் என்ற இடைநிலை வாழ்வின் வாசல். அங்கே முன்கர், நகீர் என்ற மலக்குகள் வந்து கேள்வி கேட்பார்கள். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பதற்குச் சமம் என்ற கருத்தில் ஒரு நபிமொழியும் இருக்கு. அப்படியானால், உடலை எரிக்கக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னால் ஒரு தகப்பனுக்கு எப்படி இருக்கும்? அந்தப் பெற்றோர் ஏன் கையெழுத்து வைக்கவில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களின் பதிலும் என் நண்பனின் பதிலும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கோ. செத்தவரைக் கடவுள் பார்த்துக்கொள்வார். எங்கட பங்கை எங்களைச் செய்ய விடுங்கள்.

பௌத்தத்தில் இந்தப் பங்கு இன்னும் வித்தியாசமாக இருக்கு. தேரவாதப்படி நிலையான ஆன்மாவே இல்லை. சாவுக்கும் அடுத்த பிறப்புக்கும் நடுவில் தங்குமிடமும் இல்லை. கொள்கைப்படி பார்த்தால் செத்தவருக்கு நாங்கள் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் சிங்கள வீடுகளில் ஏழாம் நாள் பணை கேட்பார்கள், மூன்றாம் மாதம் தானம் கொடுப்பார்கள், புண்ணியத்தைச் செத்தவரின் பேரில் கொடுப்பார்கள். செத்த வீட்டில் ஒரு குடுவையில் இருந்து கோப்பைக்குள் தண்ணீரை ஊற்றுவார்கள், நிரம்பி வழியும் வரைக்கும். பாளி நூலான திரோகுட்ட சுத்தத்தில், இறந்துபோன உறவினர்கள் பிரேதங்களாகத் தங்கள் பழைய வீட்டுச் சுவருக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். கொள்கை ஒரு பக்கம், சுவருக்கு வெளியே நிற்கிற அப்பா ஒரு பக்கம்.

அந்தச் சடங்கில் பிக்குவுக்கு ஒரு வெள்ளைத் துணி கொடுப்பார்கள். பங்சுகூலம் என்று பேர். குப்பையில் கிடக்கும் கந்தல் என்று பொருள். ஆதியில் பிக்குகள் எறிந்துவிட்ட துணிகளையும் சுடலையில் பிணத்தை மூடிக் கிடந்த துணிகளையும் எடுத்துத்தான் சீவரம் தைத்தார்கள். கனத்தை வேலியில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைப் பார்த்த ஒரு சிங்கள அம்மாவுக்கு இது ஞாபகம் வந்திருக்கலாம். முஸ்லிமுக்கு அது கபன். எங்களுக்குக் கோடித்துணி.

புத்தரின் உடலையும் குசிநாராவில் எரித்தார்கள். மிஞ்சினதைக் கேட்டு அரசர்கள் படையோடு வந்து நிற்க, எட்டுப் பங்காகப் பிரித்துக் கொடுத்ததாக நூல்கள் சொல்கின்றன. அப்படி மிஞ்சினதாக நம்பப்படும் ஒரு பல்லைத்தான் கண்டியில் வைத்து வணங்குகிறார்கள். செத்தாப் பிறகு உடலுக்கு என்ன மதிப்பு என்று இந்த நாட்டில் யாரும் கேட்கவே கூடாது.

ஆனால் கேட்டார்கள், அதுவும் வர்த்தமானி போட்டு. உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24ஆம் திகதியே எரிக்கலாம், புதைக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. மார்ச் கடைசியில் நீர்கொழும்பில் கொரோனாவால் இறந்த முதலாவது முஸ்லிம் எரிக்கப்பட்டார். ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி எல்லாரையும் எரிக்கச் சொன்னது. நிலத்தடி நீர் பழுதாகும் என்பது காரணம். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் போட்ட அடிப்படை உரிமை மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1ஆம் திகதி மேலதிக விசாரணைக்கு அனுமதிக்காமலே தள்ளுபடி செய்தது. எட்டு நாளில் அந்தக் குழந்தை. கிட்டத்தட்ட ஒரு வருசத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை எரித்தார்கள்.

2021 பெப்ரவரி 23ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். 25ஆம் திகதி புதைக்கலாம் என்று வர்த்தமானி வந்தது. இரண்டு நாளில் நிலத்தடி நீர் சரியாகிவிட்டது போல.

அத்தோடும் விடவில்லை. புதைக்க அவர்கள் காட்டின இடம் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து, 2018இல் தாங்களே படகேறிப் போய்த் திரும்பக் குடியேறின கத்தோலிக்க மீனவர்களின் தீவு. அவர்களும் மதகுருமாரும் வீதிக்கு வந்தார்கள். முஸ்லிம்களின் உடலை எரிப்பதை எதிர்க்கிறோம், ஆனால் அவர்களை அவர்களின் ஊர்களில் அடக்க விடுங்கள், எங்கட தலையில் கட்டாதேங்கோ என்பதுதான் அவர்கள் நிலைப்பாடு. இரண்டு சிறுபான்மையை ஒரு குழியைக் காட்டி மோதவிடப் பார்த்தார்கள் என்று அப்போது பலர் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். கடைசியில் ஓட்டமாவடியில், மஜ்மா நகரில் இடம் கிடைத்தது. 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் உடல்கள். அடுத்த வருசம் மார்ச் வரைக்கும் 3,600க்கும் மேற்பட்டவர்களை அங்கே அடக்கினார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள். ஆனால் பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் நூற்றுக்கணக்கில் அங்கே கிடக்கிறார்கள். கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில்.

அம்மம்மா போனது 2021 ஓகஸ்டில், டெல்டா அடித்த நேரம். ஆஸ்பத்திரியில் இருந்து அழைப்பு வந்தது. இரண்டு பேர் மட்டும் வரலாம், தூர நின்று பார்க்கலாம் என்றார்கள். மாமாவும் அம்மாவும் போனார்கள். பை மூடியிருந்தது. உள்ளே இருப்பது அம்மம்மாதான் என்று நம்ப வேண்டியதுதான். குளிப்பாட்டவில்லை, பந்தல் போடவில்லை, சுண்ணம் இடிக்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று நெய்ப்பந்தம் பிடிப்பது எங்கட வழக்கம். தாத்தாவுக்கு நான் ஏழு வயதில் பிடித்தேன், கை சுடும் என்று அம்மம்மாதான் கீழே துணி சுற்றித் தந்தவ. அவவுக்கு நான் பிடிக்கவில்லை. மின்சாரத் தகனத்தில் எரித்துச் சாம்பலைத் தந்தார்கள்.

எரித்தது எங்கட முறைதான். அதில் ஒரு பிழையும் சொல்ல ஏலாது.

சாம்பல் வந்த அன்றைக்கு மாமா முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு கனநேரம் இருந்தார். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "மூத்த பெடியன் நான் இருந்தும் கொள்ளி வைக்கேல்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தத் தகப்பனுக்கும் இப்பிடித்தானே இருந்திருக்கும்" என்றார். எந்தத் தகப்பன் என்று நான் கேட்கவில்லை. எட்டு மாதமாக அவரும் மறக்கவில்லை.

அந்தியேட்டியை முப்பத்தோராம் நாள் வீட்டோடு செய்தோம். கிடைக்காததை ஈடுசெய்ய மதங்கள் எல்லாமே ஏதோ ஒரு வழி வைத்திருக்கின்றன. கருட புராணத்தின்படி உடலே கிடைக்காமல் போனால் தருப்பையாலும் 360 பலாச இலைக் காம்புகளாலும் ஒரு உருவம் செய்து, அதை உடலாக எண்ணி எரிக்கலாம். அபிசீனிய மன்னன் நஜாஷி தூர தேசத்தில் இறந்தபோது, நபிகள் மதீனாவில் நின்று அவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தினார். எங்கட நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் காயிப் ஜனாஸா இதை வைத்துத்தான். பௌத்தத்தில் புண்ணியம் கொடுக்க உடல் தேவையே இல்லை. கத்தோலிக்கருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கலாம். கடலில் போனவர்கள், போரில் போனவர்கள், காட்டில் போனவர்கள் எந்தக் காலத்திலும் இருந்ததால் எல்லா மதமும் இதை யோசித்து வைத்திருக்கு.

ஆனால் இந்த வழி எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கு. ஆள் செத்துவிட்டார் என்பதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எங்கட பக்கத்து வீட்டில் ஒரு அன்ரி இருக்கிறா. 2009 மேக்குப் பிறகு மகனைக் காணவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தொடங்கின வீதியோரப் போராட்டங்களுக்குப் போய் வருகிறவ. மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள், எடுக்கவில்லை. பிறகு 2016 சட்டப்படி காணாமல் போனவர் என்று ஒரு சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள், அதையும் எடுக்கவில்லை. தருப்பை உருவத்தைப் பற்றி யாரோ சொந்தக்காரர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களோடு அதற்குப் பிறகு கதைப்பதில்லை. செய்யாவிட்டால் அவனுடைய உயிர் அலையும் என்று சொல்கிறார்கள். செய்தால் அவனைத் தானே கொன்ற மாதிரி என்று அவ சொல்கிறா. இதற்கு எந்த ஐயரிடமும், எந்த மௌலவியிடமும், எந்தச் சுவாமியாரிடமும் பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2022 ஓகஸ்டில் அம்மம்மாவின் ஆட்டத் திவசம். அன்ரிதான் விடியக்காலமே வந்து சமையலுக்கு நின்றவ. ஐயர் எள்ளும் தண்ணியும் விட்டு முன்னோரின் பேர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். அம்மம்மாவின் பேர், தாத்தாவின் பேர், பூட்டனாரின் பேர். மாமா சொல்லிக்கொண்டு வந்தார். முடிகிற நேரம் ஐயர் நிமிர்ந்து, "வேற ஆருக்கும் விடோணுமெண்டாலும் சொல்லுங்கோ, விடலாம்" என்று பொதுவாகச் சொன்னார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்ரி கதவோரம் நின்றவ, "வடை கருகப் போகுது" என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள்ளே போய்விட்டா.